கூட்டம் அக்காவின் சக்கிள்

அந்த டப்பிங் ஸ்டுடியோவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. எல்லாருக்கும் அவள் கூட்டம் அக்கா. "கூட்டம் வந்தாச்சா?" என்று டைரக்டர் கேட்பார். "கூட்டம் டீ குடிச்சுக்கிட்டு இருக்கு சார்" என்று பதில் வரும். ஒரு பெண்பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசுகிறார்களே என்று புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கூட்டத்தோடு கோவிந்தா போடுவதே பிழைப்பு என்று ஆன பிறகு, கூட்டம் என்று கூப்பிட்டால் என்ன, கோவிந்தா என்று கூப்பிட்டால் என்ன?

வெளிநாட்டுத் தொடர் எதையாவது தமிழில் கொண்டுவரும்போது நாயகனுக்கும் நாயகிக்கும் குரல் கொடுக்கப் பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள். திரையில் நாலு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தால் மட்டும் அது கூட்டம் அக்காவின் இலாகா. சந்தை, நீதிமன்றம், ரயில் நிலையம், போர்க்களம், ராஜாவின் ஊர்வலம். அவளும் இன்னும் மூன்று பேரும் மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, குரலைக் கிழவியாகவும் குமரியாகவும் மாற்றி மாற்றி, சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசுவார்கள். அதையே திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நாலு பேர் நானூறு பேர் ஆகிவிடுவார்கள்.

சரி, அந்த நானூறு பேரும் என்ன பேசுவார்கள்? அங்கேதான் இருக்கிறது சங்கதி. வசனத்தாளில் 'கூட்டம் முணுமுணுக்கிறது' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் எந்த மகராசனும் எழுதித் தரமாட்டான். வந்த புதிதில் அவளும் எல்லாரையும் போல "அப்படியா, ஆமாமா, அடடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி எத்தனை தடவைதான் அடடா சொல்வாள்? ஒரு நாள் வீட்டில் நடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் கிடந்து குமைந்துகொண்டிருக்க, திரையில் ராஜா யானைமேல் வர, ஜனங்கள் ஆர்ப்பரிக்க, இவள் வாயிலிருந்து தன்னை அறியாமல் வந்துவிட்டது: "குளிச்சுட்டு வந்தா ஈரத் துண்டை எங்கே போடணும்னு தெரியாத மனுஷனுக்கு என்னைக் கட்டி வெச்சுட்டாங்களே!"

பதிவு முடிந்ததும் டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். "அக்கா, இன்னைக்கு உங்க முணுமுணுப்புல ஒரு உயிர் இருக்கு" என்றார் அவர். நாலு குரலின் இரைச்சலில் வார்த்தை ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

அவ்வளவுதான், அன்றைக்குத் திறந்தது மடை. அதற்கப்புறம் வந்த எல்லா ராஜாவுக்கும், எல்லா நீதிபதிக்கும் அவள் வீட்டு விவகாரம் முழுக்கத் தெரியும். புருஷனின் மறதி, அடுப்படி ஜன்னலின் உடைந்த கொக்கி, முக்கியமாக மாமியார். வீட்டில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து போர்க்களத்தில் கொட்டுவாள்.

வீட்டில் அவள் பேசமாட்டாளே தவிர, சிரிப்பாள். அது சாதாரணச் சிரிப்பு இல்லை. அடுப்படியில் சிரித்தால் தெருமுனையில் சைக்கிளில் போகிறவன் இறங்கிப் பார்ப்பான். கல்யாணம் ஆகி வந்த முதல் வாரத்திலேயே மாமியார், "பொம்பள சிரிச்சாப் போச்சு, புகையில விரிச்சாப் போச்சு" என்று பழமொழி சொன்னார். அதைக் கேட்டுச் சும்மா இருப்பாளா இவள்? அந்தப் பழமொழிக்கே இன்னும் சத்தமாகச் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கோபம் வந்தாலும் அதே சிரிப்பு, அழுகை வந்தாலும் அதே சிரிப்பு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஒரு நாள் அதிர்ஷ்டம் ஏறி உட்கார்ந்தது. கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனி துப்பறியும் தொடர் ஒன்றை அனுப்பியிருந்தது. அதில் நாயகி தையல் கடை வைத்திருக்கும் ஒரு வயதான அம்மாள். துப்பு துலக்குவது அவளுக்கு உபதொழில். அந்த அம்மாளுக்குத் 'தேன்குரல்' என்று பட்டம் வாங்கிய பெரிய நடிகைதான் குரல் கொடுக்க வேண்டும் என்று டைரக்டர் முடிவு கட்டியிருந்தார். கம்பெனிக்காரர்களோ அனுப்பிய பழைய மாதிரிப் பதிவுகளையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தச் சந்தைக் காட்சியில் பின்னால் ஒரு பெண் குமுறுகிறாளே, அவள்தான் வேண்டும்" என்று எழுதிவிட்டார்கள்.

கூட்டம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. திரையில் ஒரே ஒரு வாய், அது அசையும்போதெல்லாம் தன் ஒருத்தியின் குரல், முடிவில் எழுத்து ஓடும்போது அதில் தன் பெயர். எத்தனை வருஷமாகக் கேட்டும் கிடைக்காத ஒன்று. ஆனால் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அந்த அம்மாள் அதிகம் பேசுகிற ரகம் இல்லை. ஒவ்வொரு வாரமும் குற்றவாளி யாரென்று தெரிந்த நிமிஷத்தில், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்தச் சிரிப்பு சரியாக வந்தால் வேலை இவளுக்கு. வராவிட்டால் தேன்குரலுக்கு.

முதல் நாள் வசனத்தாளைப் பார்த்தாள். மற்ற எல்லாம் தமிழில் இருக்க, அந்த இடத்தில் மட்டும் ஆங்கிலத்தில் 'சக்கிள்' என்று எழுதியிருந்தது.

"இது என்ன, ஊர்ப் பேரா?" என்று கேட்டாள்.

"சிரிப்பு அக்கா, சிரிங்க" என்றார் டைரக்டர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் தையல்கார அம்மாள் உதட்டை மூடியபடி லேசாகத் தோளைக் குலுக்கினாள். கூட்டம் அக்கா தனக்குத் தெரிந்த ஒரே சிரிப்பைச் சிரித்தாள். டைரக்டர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"அக்கா! அந்தம்மா கொலைகாரனைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க சிரிக்கிற சிரிப்புக்கு அவனே வந்து சரணடைஞ்சிடுவான்!"

"மைக்கு கொஞ்சம் கிட்டக்க இருக்கு சார்."

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அந்தப் பக்கம் வசனம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஸ்டுடியோவில் பெயர் அகராதி. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பாட்டன் பூட்டன் வரை விசாரிக்காமல் விடமாட்டார். கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டார்.

"தமிழ்ல நான் தேடாத இடம் இல்லைம்மா. புன்னகைன்னு போட்டா அதுல சத்தம் கிடையாது. நமட்டுச் சிரிப்புன்னு போட்டா அதுல ஒரு விஷமம் இருக்கு. கிளுகிளுன்னு சிரிச்சான்னு போட்டா சின்னப் பொண்ணு சிரிக்கிற மாதிரி ஆயிடும். சக்கிள்ங்கிறது வாயை மூடிக்கிட்டு, தொண்டைக்குள்ளேயே, தாழ்ந்த குரல்ல, பெரும்பாலும் தனக்குத்தானே சிரிக்கிறது. ஒரு திருப்தியில வர்ற சிரிப்பு. அதான் அப்படியே விட்டுட்டேன்."

"தனக்குத்தானே சிரிச்சா வேற பேரு சொல்லுவாங்களே சார்."

"கேளும்மா. அதோட வேர் என்ன தெரியுமா? கோழி. கோழி 'சக், சக்'னு தாழ்ந்த குரல்ல ஒரு சத்தம் கொடுக்கும் பாரு, அந்தச் சத்தத்தை வெச்சு வந்த சொல்லு. திரும்பத் திரும்ப வர்றதால வால்ல ஒரு 'இள்' சேர்ந்தது. இதுல வேடிக்கை என்னன்னா, நானூறு வருஷம் முன்னாடி அது பிறந்தப்போ அதுக்கு அடக்கமான அர்த்தமே இல்லை. வயிறு குலுங்கச் சத்தமா சிரிக்கிறதுக்குத்தான் அப்படிச் சொல்லியிருக்காங்க. ஒரு இருநூறு வருஷம் போனப்புறம்தான் வாயை மூடிச் சிரிக்கிறதுன்னு ஆச்சு."

கூட்டம் அக்காவுக்கு அந்தச் சொல்லின்மேல் சட்டென்று ஒரு பாசம் வந்துவிட்டது. "பாவம் சார், அதுக்கும் நடுவுல ஒரு மாமியார் வந்திருக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் சிரிப்பைச் சிரித்தாள். டைரக்டர் இந்தத் தடவை முன்கூட்டியே காதைப் பொத்திக்கொண்டார்.

அகராதி பேசியதில் டைரக்டருக்குப் பிடிபட்டது கோழி ஒன்றுதான். "அதை முதல்லேயே சொல்லக்கூடாதா?" என்று ஒலிச் சேமிப்பில் இருந்து கோழிச் சத்தமாகத் தேடி எடுத்து அவள் காதில் போட்டார். கூட்டம் அக்காவுக்கா கோழி தெரியாது? பண்ணைக் காட்சிகளில் கோழி, வாத்து, கன்றுக்குட்டி எல்லாம் அவள்தான். முட்டை இட்ட கோழி ஊரைக் கூட்டுவது போல ஒரு கொக்கரிப்பு கொடுத்தாள். தத்ரூபம். டைரக்டர் சொக்கிப் போய், "இதை அடுத்த தொடருக்கு எடுத்து வெச்சுக்கறேன்" என்று பத்திரப்படுத்திவிட்டு, பிறகுதான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும் அக்கா. வரலேன்னா நான் தேன்குரலுக்குத்தான் போன் போடணும், தப்பா நினைச்சுக்காதீங்க."

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. வாயை மூடினால் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மூக்கையும் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு "க்கும், க்கும்" என்று முயன்றாள். புருஷன் கதவைத் தட்டி, "விக்கலா? தண்ணி வேணுமா?" என்றான். கதவைத் திறந்தால் சொம்போடு நின்றான். தலையணையில் முகத்தைப் புதைத்து முயன்றபோது ஓடிவந்து முதுகில் நாலு சாத்து சாத்தினான். அன்பான மனுஷன்தான், என்ன செய்வது.

வியாழக்கிழமை மாலை நம்பிக்கை விட்டுப் போய்க் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காருவதே இன்னும் ஸ்விட்ச்போர்டு முன் உட்காருவது போல முதுகு நிமிர்ந்துதான். ஓடிக்கொண்டிருந்தது பழைய தொடர் ஒன்று. ராஜா யானைமேல் வந்தார். ஜனங்கள் இரண்டு பக்கமும் கைகூப்பி நின்றார்கள். வாத்திய முழக்கத்துக்கு அடியில், எங்கேயோ ஆழத்தில், கூட்டம் அக்கா தன் குரலைக் கேட்டாள்: "...ஈரத் துண்டை எங்கே போடணும்னு தெரியாத மனுஷனுக்கு..."

சோபாவின் முதுகில் புருஷனின் ஈரத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதன்மேலேயே சாய்ந்து ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் கண்ணெடுக்காமல், "பாரு, ராஜாமேல ஜனங்களுக்கு எவ்வளவு பாசம்!" என்றார்.

கூட்டம் அக்காவுக்கு வயிற்றில் ஏதோ கிளம்பியது. வெடிக்க வழியில்லை. வெடித்தால் ஏன் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டிவரும். உதட்டை இறுக்கி மூடினாள். அது தொண்டையில் வந்து நின்று, மெல்ல, தாழ்வாக, விட்டு விட்டு உருண்டது. அவள் மட்டும் கேட்டாள். அடி ஆத்தி, இதுதானே அது!

மறுநாள் ஸ்டுடியோவில் கண்ணை மூடி அந்தக் கூடத்தை நினைத்துக்கொண்டாள். சோபா, துண்டு, ராஜா, பாசம். ஒரே டேக். டைரக்டர் வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தார். அகராதி எழுந்து நின்றே விட்டார். சாயங்காலம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: குரல் பிரமாதம், முதல் வாரத்துக் கதையின் கடைசியில் நீதிமன்றத்தில் அந்த அம்மாள் நீளமாகச் சிரிக்கும் காட்சியையும் திங்கட்கிழமை அனுப்புங்கள், அதுவும் இப்படியே இருந்தால் ஒப்பந்தம். பழைய சிரிப்பை வெட்டி ஒட்டக் கூடாது. இன்னொன்று, நாயகியின் குரல் கூட்டத்தில் எங்கேயும் கேட்கக் கூடாது.

சனிக்கிழமை, துவைத்த துணிகளை மாமியாரோடு சேர்ந்து மடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

மாமியார் ஒரு சட்டையை மடிப்பதை நிறுத்தினார். "அப்போ இனிமே கூட்டத்துல பேசமாட்டியா?"

"பேசக் கூடாதாம் அத்தை. நாயகி குரல் அங்கே கேட்கக் கூடாதாம்."

மாமியாரின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"எது அத்தை?"

"உன் மனசுல என்ன இருக்குன்னு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த தலையணை உறை நழுவியது.

"முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்தவ நான்" என்றார் மாமியார், சட்டையின் கையை நீவிக்கொண்டே. "ஒரே நேரத்துல அத்தனை லைனும் காதுல இரையும். அதுல எவன் பொய் சொல்றான், எவ அழறா எல்லாம் தனித்தனியா கேட்கும். இந்த டிவிக் கூட்டமா பெரிசு?"

"எல்லாமே... கேட்டீங்களா?" அவள் மனசுக்குள் ஒவ்வொரு போர்க்களமாக ஓடினாள். "அந்தக் கடல் சண்டையில..."

"என்னை ஓய்வு பெற்ற சர்வாதிகாரின்னு சொன்னியே, அதுவா? நல்லா இருந்துச்சு. எதிர் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "வியாழக்கிழமைகூடக் கேட்டுக்கிட்டேதான் 'பாசம்'னு சொன்னீங்களா?"

"பின்னே? நீ பக்கத்துல உட்கார்ந்து தொண்டைக்குள்ள சிரிச்சியே, அதையும்தான் கேட்டேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு ரயில் நிலையக் காட்சியில, 'ஒரே ஒரு நாளாவது யாரும் எழுப்பாம விடியுற வரைக்கும் தூங்கணும்'னு ஒருத்தி அழுதா. கேட்டுட்டு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கலை. அதுக்கப்புறம்தான் நான் காலையில அடுப்படிக்குப் போக ஆரம்பிச்சேன். நீ என்ன பண்ணினே? அடுத்த தொடர்லேயே, 'கிழவி அடுப்படியைப் பிடிச்சுக்கிட்டா'ன்னு திட்டினே!"

கூட்டம் அக்கா வழக்கம்போல அந்தப் பெரிய சிரிப்பை எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். வரவில்லை. கண்தான் கலங்கியது. மாமியார் அதைப் பார்க்காதவர் போல, "அதென்ன சிரிப்பு, சக்கிலு?" என்று பேச்சை மாற்றினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோழிக் கதையைச் சொன்னாள். தனக்குத்தானே சிரிப்பது என்று அகராதி சொன்னதையும் சொன்னாள்.

"தனக்குத்தானேவா? கோழி எதுக்கு தனக்குத்தானே சத்தம் போடணும்? பக்கத்துல குஞ்சு இருக்கும், அதான். இல்லேன்னா அதுக்குப் பைத்தியமா?" என்றார் மாமியார். பிறகு நியாயமாக, "எனக்கென்ன தெரியும், நான் கோழியே வளர்த்ததில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கே டைரக்டரிடமிருந்து போன். நீதிமன்றக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் அக்கா நாயகி ஆகிவிட்டதால் கூட்டத்தில் ஒரு ஆள் குறைகிறது. தெரிந்தவர் யாராவது உண்டா என்று புலம்பினார். மாமியார் மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "நான் வரேன்னு சொல்லு. ஹலோ சொல்லியே குடும்பத்தைக் காப்பாத்தினவ நான்."

திங்கட்கிழமை காலையில் மாமியார் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து மற்ற மூன்று பேரோடு கண்ணாடி அறைக்குள் போனார். நடந்தபடி பேச வேண்டும் என்றதற்கு, "உட்கார்ந்து பேசித்தான் பழக்கம், பரவாயில்லை, நடக்கிறேன்" என்றார். கதவு மூடியது. வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்த கூட்டம் அக்காவுக்கு உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "என்ன அத்தை பேசினீங்க?" என்றாள். "கூட்டம் என்னத்தைப் பேசும்? அடடா, ஆமாமான்னு சொன்னேன்" என்று மாமியார் டீ எங்கே கிடைக்கும் என்று பார்க்கப் போய்விட்டார்.

மத்தியானம் அவள் முறை. திரையில் நீதிமன்றம். ஜனங்கள் கசமுசவென்று பேச, நடுவில் தையல்கார அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொலைகாரனைப் பார்க்கிறாள். உதடு மூடியபடி தோள் குலுங்க ஆரம்பிக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கூட்டம் அக்கா கண்ணை மூடி ராஜாவையும் துண்டையும் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? அது அவள் ஒருத்திக்குத் தெரிந்த ரகசியமாக இருந்தவரை சிரிப்பு. இப்போது நினைத்தால் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளைதான் கண்முன் வருகிறாள். முக்கினாள். இருமல் வந்தது. இன்னொரு தடவை. விக்கல் மாதிரி ஒன்று வந்தது. அடுத்த தடவை அதுவும் இல்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே" என்றார் டைரக்டர். கொஞ்ச நேரத்தில் அவர் குரலில் 'அக்கா' காணாமல் போனது. கண்ணாடி வழியாக அவர் செல்போனை எடுத்து மேஜைமேல் வைப்பது தெரிந்தது. யாருக்குப் போடப் போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. "கடைசியா ஒரு டேக். வரலேன்னா விட்டுடலாம்."

அந்த அறை அவளுக்குத் திடீரென்று ரொம்பப் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மைக்கின் முன்னால் அவள் தனியாக நின்றதே இல்லை. எப்போதும் தோளை இடித்துக்கொண்டு இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். இப்போது தன் மூச்சே காதில் பெரிதாகக் கேட்டது. இவ்வளவு ஆசைப்பட்டது இதற்குத்தானா என்று அழுகை வந்தது.

"சார், காலையில எடுத்த கூட்டத்தைக் காதுல போடுங்க. எனக்குக் கூட்டம் இல்லாம முடியலை."

டைரக்டர் அலுப்போடு ஒரு பொத்தானைத் தள்ளினார். ஹெட்போனில் நீதிமன்றம் நிறைந்தது. அப்படியா, ஆமாமா, அடடா. பழகிய இரைச்சல். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, சீராக, ஒரு எழுத்து குறையாமல், டெலிபோனில் பேசுகிற மாதிரி ஒரு குரல் போய்க்கொண்டிருந்தது.

"...நீதிபதி ஐயா, என் மருமகளைப் பத்தி ஒரு புகார். அவ ஒளிச்சு வைக்கிற பிஸ்கட் டப்பா தையல் மெஷினுக்குப் பின்னாடி இருக்குன்னு எனக்குத் தெரியும். தினம் ரெண்டு எடுக்கிறேன். சர்க்கரை இருக்கு, டாக்டர் கூடாதுன்னுட்டார், எடுக்கிறேன். அவ புருஷனைத் திட்டிக்கிட்டு இருக்கா, பாவம் என் புள்ளை. நான் வாயைத் திறக்கலை. திறந்தா டப்பாவை மாத்திடுவா..."

கூட்டம் அக்காவின் உதடு தானாக இறுகியது.

"...இன்னொரு புகார். என்னைக்கோ வாய் தவறி, பொம்பள சிரிச்சாப் போச்சுன்னு சொல்லித் தொலைச்சேன். அன்னையிலேருந்து என் காது கிழியச் சிரிக்கிறா. சிரிக்கட்டும். போன மாசம் அவ அம்மா வீட்டுக்குப் போனப்போ வீடு லைன் செத்த போன் மாதிரி கிடந்தது. ரெண்டு நாள் ஆச்சு எனக்கு அது என்னன்னு புரியறதுக்கு. இதை நேர்ல சொன்னா அவ தலைமேல ஏறி உட்கார்ந்துடுவா. அதனால ஐயா, இங்கேயே சொல்லிட்டுப் போறேன். கூட்டத்துல யார் கேட்கப் போறா..."

திரையில் தையல்கார அம்மாளின் தோள் குலுங்கியது. கூட்டம் அக்காவின் தொண்டையில் அது உருண்டது. தாழ்வாக, விட்டு விட்டு, நிறுத்த மனமில்லாமல். நடுவில் ஓரிடத்தில் லேசாக உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மறுபடி எழுந்தது. திரையில் அந்த அம்மாள் நிறுத்தியபோது இவளும் நிறுத்தினாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

டைரக்டர் செல்போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "முடிஞ்சது அக்கா. இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். கேட்டுப் பார்க்கறீங்களா?"

"போடுங்க சார்."

அவர் பொத்தானில் கை வைத்தார். அவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம், சுவரோரமாக, மாமியார் டீ கிளாஸோடு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இவள் பக்கம் திரும்பாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் சிரிப்பை மூடிடுங்க" என்றாள் அவள். "கூட்டத்தை மட்டும் போடுங்க."